கல்வியூக்கமும் சமூக ஊடகங்களும்

இக்காலத்து உயர்நிலைப்பள்ளி மாணாக்கர்க்குக் கல்வியில் ஊக்கம் இல்லை என்பது உபாத்தியாயர் கூடுமிடந்தோறும் கேட்கப்படும் முறையீடாகும். பெற்றோரும் இதனையே கூறுவர். பள்ளியை விட்டு நம் கல்லூரியில் புதிதாய்ப் புகும் இளைஞரை முதலாண்டு வகுப்பிற் காணும் ஆசிரியரும் இதனையே கூறுவர். காரணம் யாதென வினவின், அனைவரும் ஒருமுகமாகச் சுட்டுவது அவர்தம் கையகத்ததாகிய கைபேசியையும், அதன்கண் இயங்கும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களையுமே. காட்டிய காரணம் ஓரளவு மெய்யே. ஆயினும், முறையீட்டின் முதற்பகுதியை நாம் ஒப்புக்கொள்ளுதற்கில்லை.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவன், முப்பது விநாடியில் ஓடி முடியும் ஒரு சிறு படத்தை ஆக்குதற்பொருட்டு மாலைப்பொழுது முழுவதையும் செலவிடுகின்றான். படம் பிடிக்கின்றான்; வேண்டாத பகுதியை வெட்டுகின்றான்; பாட்டின் தாளத்திற்கு அசைவினைப் பொருத்துகின்றான்; பிழை கண்டவிடத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றான். அவனை அதற்கு ஏவினார் எவருமிலர், கற்பித்தாரும் இலர். தானே தேடிக் கற்ற தொழில் அது. இத்துணை விடாமுயற்சி உடையானைச் சோம்பன் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆயினும், இவனே மறுநாட்காலையில் இயற்கணித வகுப்பிற் பத்து நிமிடம் மனமொன்றி இருக்கமாட்டாது தவிக்கின்றான். ஆதலின், இருந்த ஊக்கம் பாடப்புத்தகத்தை விட்டு வேறிடம் பெயர்ந்தது எவ்வாறு என்பதே நாம் ஆராயத்தக்க வினாவாகும்.

கல்வியின் பயன் காலந்தாழ்த்து வருவது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை இன்று கேட்ட மாணாக்கன் நாளை மறப்பான். நாலைந்து கணக்குகளிற் தவறுவான். எட்டாவதோ பத்தாவதோ செய்யும்போதுதான், ‘இது நமக்குக் கைவந்தது’ என்னும் சிறு மகிழ்ச்சி அவனுள் எழும். அம்மகிழ்ச்சியே அடுத்த கணக்கிற்கு அவனை அழைத்துச் செல்வது. அதுகாறும் பொறுத்திருத்தல் வேண்டும்; காலாண்டுத் தேர்வு வருமளவும் அவனைப் பாராட்டுவாரும் அரியர். சமூக ஊடகத்திலோ கூலி உடனுக்குடன் அளக்கப்படுகின்றது. படத்தை இட்ட கணத்திலேயே இத்தனை பேர் கண்டனர், இத்தனை பேர் விரும்பினர் என்னும் எண்ணிக்கை தோன்றுகின்றது. அதுவும் ஒருபடித்தாய் வருவதில்லை. ஒருநாள் ஐந்து, மற்றொருநாள் ஐந்நூறு. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூற் புலவர் புறாக்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள் ஈண்டு நினைக்கத்தக்கன. கொத்துந்தோறும் தவறாது தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றவுடன் விரைவிற் கொத்துதலை விட்டொழிக்கும். எம்முறை கிடைக்கும் என்று அறியமாட்டாது பழகிய புறாவோ நெடுநேரம் விடாது கொத்திக்கொண்டேயிருக்கும். 2009-இல் பேஸ்புக் நிறுவனம் ‘லைக்’ என்னும் விருப்பக்குறியை ஏற்படுத்தியபோது இச்சோதனையை எண்ணியே செய்ததென்று நாம் கூறவில்லை. விளைவு அவ்வாறாயிற்று என்பதே நம் கருத்து.

இன்னுமொன்று. புத்தகத்திற்கு அத்தியாய முடிவு உண்டு; பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ஆங்கு நிற்கும் வாசகன், ‘இனி என்ன செய்வோம்?’ எனத் தன்னைத் தானே வினவிக்கொள்ளும் ஓர் இடைவெளியை அம்முடிவு நல்குகின்றது. கைபேசித் திரையிலோ விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டேயிருக்கும். அடிப்பக்கம் என்பதொன்று அதற்கு அமைக்கப்படவில்லை. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, ‘ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் படிப்போம்’ என்று தொடங்கி நள்ளிரவில் விழித்துக்கொள்வது, அவளது மனவலிமையின் குறைவு மட்டுமன்று. அவளுக்கெதிரே, அவளை எழவொட்டாது இருத்துதற்கென்றே ஊதியம் பெற்றுப் பணிபுரியும் பொறியாளர் பெருங்கூட்டம் ஒன்று உளது.

நம் தமிழ்நாட்டில் இம்மாற்றம் எங்ஙனம் விரைந்து நிகழ்ந்தது என்பதைச் சற்று நின்று காண்டல் தகும். கைபேசியும் மலிந்த இணையமும் 2016-ஆம் ஆண்டுக்குப் பின்னர் எளியார் வீட்டிலும் புகுந்தன என்பது உண்மையே. எனினும், அக்காலத்துக் கைபேசி தந்தையின் சட்டைப்பையிற் கிடந்தது. பள்ளிக்கு அதனைக் கொணரலாகாது என்பது எங்கும் விதியாயிருந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கொரோனாக் கொள்ளைநோய் பரவப் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு அனைவரும் தேர்ச்சியுற்றதாக அறிவிக்கப்பெற்றனர். பாடம் நடத்தக் கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் இருப்பினும், ஆசிரியரும் மாணாக்கரும் தொடர்புகொள்ளுதற்கு வாட்ஸ்அப் குழுவே வழியாயிற்று. எப்பொருளை வகுப்பறை வாயிலிற் பறித்து வைத்தனரோ, அப்பொருளை வாங்கித் தருமாறு பெற்றோர்க்குச் சொல்லியனுப்பினவரும் ஆசிரியரே. தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கைபேசி வாங்கிய குடும்பங்களை நம்மிற் பலர் அறிவோம்.

அவ்வாண்டிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. சூன் 29-ஆம் நாள் டிக்டாக் செயலியை மத்திய அரசு தடைசெய்தது. அவ்வெற்றிடத்தை நிரப்ப, சூலைத் திங்களில் இன்ஸ்டாகிராம் தன் ‘ரீல்ஸ்’ என்னும் குறும்படப் பகுதியை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ‘ஷார்ட்ஸ்’ பகுதியின் முன்னோட்டத்தை இந்தியாவிலேயே தொடங்கிற்று. இவ்வாறு, பள்ளியே கைபேசியினுள் அடங்கியிருந்த அம்மாதங்களில், அதே கைபேசியில், பாடத்தின் பக்கத்து வாயிலிலேயே, குறும்படக் கடைகள் திறக்கப்பெற்றன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 சனவரி 19-இல் திறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் தொடங்கியது 2021 செப்டம்பர் முதல் நாளிலேதான். 2020-இல் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த சிறார், 2023-இல் ஒன்பதாம் வகுப்பை எய்தியபோது, புத்தகத்தோடு பழகவேண்டிய பருவத்தில் திரையோடு பழகியவராய் வந்தனர். அவர்மேற் குற்றம் சுமத்துமுன் இதனை எண்ணிப்பார்த்தல் நேர்மையாகும்.

2024-ஆம் ஆண்டில் நம் நாட்டின் ஊர்ப்புறங்களில் எடுக்கப்பெற்ற ‘ஏசர்’ கல்விக் கணக்கெடுப்பு ஒரு செய்தியை அறிவிக்கின்றது. 14 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் கைபேசியைக் கையாள அறிந்தவர். அவ்வாறு அறிந்தவருள், கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில், கல்வியின்பொருட்டு அதனைப் பயன்படுத்தினோம் என்றவர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகத்தின்பொருட்டுப் பயன்படுத்தினோம் என்றவர் 76 பேர். இரண்டாம் எண்ணைக் கண்டு அஞ்சுவார் பலர். நமக்கு முதல் எண்ணே வியப்பைத் தருகின்றது. கைபேசியைக் கையாள அறிந்த ஊர்ப்புறத்துப் பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒன்றைக் கற்கவேண்டிக் கைபேசியைத் திறக்கின்றனர். திறந்தபின் அவர்க்கு நேர்வது யாது என்பதிலேதான் இடர்ப்பாடு உளது.

நன்னூலார் தம் பாயிரத்தில் மாணாக்கரின் இயல்பினைப் பல பொருள்களோடு உவமித்து வகுத்தமை தமிழ் பயின்றார் யாவரும் அறிந்ததே. அன்னத்தையும் பசுவையும் ஒப்பார் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் ஒப்பார் இடைமாணாக்கர். பொத்தற்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகிய இவற்றை ஒப்பார் கடைமாணாக்கர். இவற்றுட் பசுவையும் ஆட்டையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். பசுவானது நல்ல புல் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தே படுத்து, மேய்ந்ததை மீட்டுக் கொணர்ந்து அசைபோடும். ஆடோ, ஒரு செடியிலேயே தழை நிரம்பியிருப்பினும், அதில் ஒரு வாய் கடித்து, அடுத்த செடிக்குத் தாவி, அதிலும் ஒரு வாய் கடித்து, எதிலும் நிறைவுறாது ஓடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய பவணந்தி முனிவர், ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தை யூடியூபில் நாலு நிமிடம் கண்டு, பக்கத்தில் தோன்றிய வேறொரு படத்திற்குத் தாவி, அங்கிருந்து கிரிக்கெட்டிற்கும், கிரிக்கெட்டிலிருந்து சமையற்கும் செல்லும் நம் பத்தாம் வகுப்பு மாணாக்கனை நேரிற் கண்டார் போலும்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நன்னூலார் கண்டது மாணாக்கனின் பிறவியியல்பு. இன்று நாம் காண்பது பழக்கத்தால் ஆகிய இயல்பு. பசுவாய் இருக்கத்தக்க பிள்ளையை நாள்தோறும் மூன்று மணிநேரம் ஆடாய்ப் பழக்கினால், அவன் ஆட்டின் மேய்ச்சலையே மேய்வான். மேய்தலை விடவும் அவன் இழப்பது அசைபோடும் பொழுதையே. முன்னாளில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியும், பேருந்திற்குக் காத்திருக்கும் நேரமும், உறங்குமுன் விளக்கணைத்துக் கிடக்கும் கால்மணி நேரமும் வெறும் பொழுதுகள் எனப்பட்டன. ஆசிரியர் சொன்னது ஒன்று அப்பொழுதுகளிலேதான் மனத்தில் மீண்டெழுந்து, ‘அது ஏன் அவ்வாறு?’ என்னும் வினாவாய் முளைத்தது. கல்வியில் ஆர்வம் பிறக்குமிடம் பெரும்பாலும் அவ்வினாவே. இன்று அவ்வெறும் பொழுதுகள் அனைத்தும் திரையால் நிரம்பிவிட்டன. வினா முளைத்தற்கு நிலமே இல்லை.

இதனினும் விந்தையானது ஒன்றுண்டு. படிப்பதற்கு ஊக்கமூட்டும் உரைகள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் எண்ணிலவாய்க் கிடக்கின்றன. உரத்த இசையோடு, ‘எழுந்திரு, உழை, வெற்றி உனதே’ என்னும் பொருள்பட ஒருவர் முழங்குவார். தேர்வுக்கு முந்திய இரவில் இத்தகைய உரைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணாக்கர் பலர். கேட்கும்போது நெஞ்சு விம்முகின்றது; படித்து முடித்தாற்போன்றதொரு நிறைவும் உண்டாகின்றது; புத்தகமோ திறந்த பக்கத்திலேயே இருக்கின்றது. உணவின் மணத்தை மோந்தே பசியாறுதல் இது. ‘முக்கிய வினாக்கள் இவையே’ என்று கூறும் படங்களும் இவ்வினத்தனவே. மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியரின் சமூக ஊடகப் பக்கத்திற்குச் சென்று, விடுமுறை அறிவிக்குமாறு வேண்டி நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளின் ஊக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடாது விடுதல் முறையன்று. அவற்றுட் சில நல்ல தமிழ்நடையில் அமைந்துள்ளன!

இனி, பாராட்டைப்பற்றி. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் நிகழ்த்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. இயல்பாகவே படம் வரைவதில் விருப்பமுடைய குழந்தைகளைத் தெரிந்து, ஒரு பகுதியார்க்கு, ‘வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம்’ என முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். மற்றொரு பகுதியார்க்குச் சொல்லாமலே பின்னர்த் தந்தனர். வேறொரு பகுதியார்க்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்து, குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும் வேளையில் ஒளிந்திருந்து நோக்கியபோது, பரிசினை எதிர்நோக்கி வரைந்த குழந்தைகள், ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிநேரமே வரைந்தனர். விளையாட்டாயிருந்தது வேலையாய் மாறிவிட்டது. மழலையர் பள்ளிக் குழந்தைகளைப்பற்றிய இச்சோதனையை உயர்நிலைப்பள்ளிக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது என்பது மெய். எனினும், பிறர் பாராட்டும் பொருட்டே ஒன்றைச் செய்யப் பழகியவன், பாராட்டுவார் இல்லாதவிடத்து அதனைக் கைவிடுவான் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். ஓவியம் வரைந்த மாணாக்கி முதலில் அதனைத் தோழிக்குக் காட்டினாள். பின்னர் இன்ஸ்டாகிராமில் இட்டாள். பதினோரு பேர் மட்டுமே விரும்பினர் எனக் கண்டபின் வரைவதையே நிறுத்தினாள். அந்தப் பதினொருவர் நேரில் வந்து சூழ்ந்து நின்று வியந்திருப்பின் அவள் மகிழ்ந்திருப்பாள் அல்லளோ? எண்ணாகத் தோன்றியமையின் அவர்கள் அவளுக்குச் சிலராயினர்.

இதில் முதியோர்க்கும் பங்கு உண்டு என்பதை மறைத்தற்கில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநிலத்தின் முதலிடம், இரண்டாமிடம் எனப் பெயர்களை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திற்று. பிள்ளைகளின் மனவருத்தத்தைத் தணிக்கவே அது செய்யப்பட்டது. ஆயின், அரசு விலக்கியதைப் பள்ளிகள் தத்தம் பேஸ்புக் பக்கத்திற் புகுத்திக்கொண்டன. மதிப்பெண்ணைப் பெரிய எழுத்திற் பொறித்து, மாணாக்கரின் படத்தை நடுவே வைத்து, முடிவு வெளியான ஒருமணிப்பொழுதில் ஊரெங்கும் பரப்புகின்றனர். அப்படத்தில் இடம்பெறாத நூற்றெழுபது பிள்ளைகள் அதனை எவ்வாறு நோக்குவர்? அவர்களிற் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர். நானூறு மதிப்பெண் அவர்க்கு ஒரு மலையேற்றம். திரையில் ஒளிரும் நானூற்றுத் தொண்ணூற்றெட்டின் பக்கத்தில் அது தோல்வியாய்த் தோன்றுகின்றது.

வீட்டுப்பாடத்தையும் நோக்குக. பகலில், ‘கைபேசியைத் தொடாதே’ என அறிவுரை கூறும் பள்ளி, இரவு எட்டுமணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தை அனுப்புகின்றது. அதனைக் காணச் சென்ற பிள்ளை அதனை மட்டும் கண்டு திரும்புதல் எங்ஙனம் கூடும்? கரும்பலகையில் எழுதிப்போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவித்த பழைய முறை கொள்ளைநோய்க் காலத்திற் கைவிடப்பட்டது. நோய் நீங்கியபின்னும் அது மீளவில்லை. இதனை மீட்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும்.

சட்டத்தைப்பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ஆஸ்திரேலிய நாடு, 16 வயது நிரம்பாதார் முக்கிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்துக்கொள்ளலாகாது என 2024-இல் சட்டமியற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பெற்ற தனிமனிதர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதார் அனைவரையும் சிறுவராகக் கொண்டு, பெற்றோரின் ஒப்புதலின்றி அவர்தம் தரவுகளைக் கையாளலாகாது என வகுக்கின்றது. இவை வேண்டா என்பார் கட்சியில் நாம் இல்லை. பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரத்தை இவை மீட்டுத் தரின் பெரும்பேறே. ஆனால் மீண்ட அவ்விரண்டு மணிநேரத்தில் அவன் என் செய்வான் என்பது நாடாளுமன்றம் முடிவு செய்யும் பொருளன்று.

இவ்வளவும் கூறியதால், கைபேசியால் நன்மையே இல்லை என்று நாம் சாதிப்பதாக எவரும் கருதற்க. இயற்பியலாசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத ஊர்ப்பள்ளியில், யூடியூபில் ஒரு நல்லாசிரியர் தமிழில் நடத்திய பாடத்தைக் கேட்டே தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் நம் கல்லூரியில் இன்று பயில்கின்றனர். அவர்களை வினவியபோது, அனைவரிடமும் ஒரு பொதுமையைக் கண்டோம். அவர்கள் கைபேசியைத் திறக்குமுன்னரே ஒரு குறிப்பிட்ட ஐயத்தை உடையவராயிருந்தனர்: இக்கணக்கில் இவ்வரி எவ்வாறு வந்தது? மின்தடை ஏன் கூடிற்று? ஐயம் தீர்ந்ததும் மூடினர். பெரும்பாலும் அது தந்தையின் கைபேசியாயிருந்தமையும், அவர் அதனைத் திரும்பக் கேட்டமையும் அதற்கு உதவியாயிருந்தன என்று ஒரு மாணாக்கி நகைத்துக்கொண்டே கூறினாள்.

பிறர் தம்மைக் காணவேண்டும், தம் செயலைப் பாராட்டவேண்டும் என விரும்புதல் இளமைக்கு இயல்பு; அதனைக் குற்றம் என்னற்க. அவ்விருப்பத்திற்குப் பள்ளி இடம் தராமையாலன்றோ பிள்ளை அதனை எங்கோ உள்ள முகமறியாக் கூட்டத்திடம் கொண்டு செல்கின்றான்? முன்னாளில் நம் பள்ளிகள் பலவற்றிற் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று இருந்தது. மாணாக்கர் தாமே கதையும் கட்டுரையும் எழுதி, படமும் வரைந்து, நூலாற் கோத்து, திங்களுக்கு ஒரு படியாக வகுப்பில் வைப்பர். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவர்க்குத் தரவேண்டும். வாசகர் நாற்பதின்மரே, ஆயினும் அந்நாற்பதின்மரும் எழுதியவனை அறிந்தவர், எழுத்துப்பிழையை முகத்தெதிரே சொல்வர், நன்றாயிருப்பின் மறுநாள் விளையாட்டுத் திடலில் அதனையே பேசுவர். பாராட்டும் மெதுவாகவே வரும். அடுத்த இதழுக்கு ஒருதிங்கள் காத்திருத்தல் வேண்டும்.

1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈடுபட்டுள்ள நம் கல்லூரி மாணாக்கர், ஆண்டுதோறும் சிறப்பு முகாம்களுக்காகச் சுற்றுப்புற ஊர்களுக்குச் செல்கின்றனர். அவ்வூர்களில் உயர்நிலைப்பள்ளிகள் உள. அங்கே கைபேசியின் தீமையைப்பற்றி ஒரு பிரசங்கம் செய்து மீள்வதினும், ஒன்பதாம் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையைத் தொடங்கிவைத்து, திங்கள்தோறும் சென்று அதனைப் படித்து வருதல் நன்று என்று எமக்குத் தோன்றுகின்றது. வேண்டுவன நாற்பது தாள், ஓர் ஊசி, சிறிது நூல், படிக்கவல்ல இருவர். பொங்கல் விடுமுறைக்குப் பின்னர் இரண்டு பள்ளிகளிலேனும் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். விருப்பமுடைய மாணாக்கர் தமிழ்த்துறையில் தம் பெயரைத் தருக.